ஸ்கூட்டர் நம்பர் தெரிந்த திருடன்

அனுமதி இல்லாமல் அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவனை என்னவென்று அழைப்பது? இங்கிலீஷ் படித்தவர்கள் ஹேக்கர் என்கிறார்கள். தமிழ் படித்தவர்கள் கொந்தர் என்கிறார்கள். எங்கள் மீன் கிடங்கு மேலாளர் அவ்வளவு யோசிக்கவில்லை. ‘கணினித் திருடன்’ என்று என் போட்டோவுக்குக் கீழே எழுதி, வாசல் கதவில் ஒட்டிவிட்டார்.

நான் அங்கே மெக்கானிக். ஆயிரம் டன் மீனைக் குளிரில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு மேலாளர் தன் ஸ்கூட்டர் நம்பரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார். ஸ்கூட்டர் தினமும் வாசலில்தான் நிற்கும். ஒருநாள் அந்த நம்பரைத் தட்டி உள்ளே போய், ‘ஐயா, கதவு திறந்து கிடக்கிறது’ என்று அவர் திரையில் எழுதிவைத்தேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை.

வேலை போனதைக்கூட விட்டுவிடலாம். வாசல் காவலாளி என் சம்பந்தி. என் மகள் அவர் வீட்டு மருமகள். தினம் எட்டு மணி நேரம் அந்த நோட்டீஸுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷன். நான் பேத்தியைப் பார்க்கப் போனால், மேஜைமேல் கிடக்கும் கைக்கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். “வாங்க சம்பந்தி, உக்காருங்க” என்பார், பையைப் பொத்திக்கொண்டே. ஒன்பது வருஷம் பொத்தினார். ஒன்பது வருஷம் நான் பல்லைக் கடித்ததில், “கல் உடைக்கிற தொழிலா?” என்று பல் டாக்டர் கேட்டார்.

பிறகு ஒரு காலையில் மேலாளர் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு முன்னால் மீன் வாடை வந்து காலிங்பெல்லை அடித்தது.

“கரண்ட் போய் வந்துச்சு. கடவுச்சொல் போடாம மோட்டார் ஓட மாட்டேங்குது” என்றார்.

“போடுங்களேன் சார்.”

“கீபோர்டுக்கு அடியில எழுதி ஒட்டியிருந்தேன். பழைய கீபோர்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க.”

“ஞாபகம் இல்லையா?”

“ஒட்டி வச்சதை எவன்யா ஞாபகம் வச்சுக்குவான்?”

ஸ்கூட்டரையும் எப்போதோ விற்றுவிட்டார். உலகத்தில் அந்த எண் தெரிந்த ஒரே ஆளை, அது தெரிந்த குற்றத்துக்காகத்தான் துரத்தியிருந்தார்.

வாசலில் சம்பந்தி எழுந்து நின்றார். “இவரை உள்ள விட எழுத்துல வேணும் சார். நீங்க போட்ட ரூல்தான்.”

சீட்டில் பெயர், தொழில், அழைத்தவர் என்று மூன்று கட்டம். மேலாளர் தொழிலில் ‘நிபுணர்’ என்று எழுதினார். வேண்டாம் என்றேன். அடித்துவிட்டு ‘ஆலோசகர்’ என்றார்.

“கதவுல ஒண்ணு, சீட்டுல ஒண்ணுன்னா சம்பந்தி வேலைக்கு ஆபத்து சார். நிதானமா யோசிங்க. மீன் எங்கயும் ஓடிப் போகாது.”

எழுதினார். தொழில்: கணினித் திருடன். அழைத்தவர்: மேலாளர். கையெழுத்து, முத்திரை. சம்பந்தி அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார்.

“அப்ப திருடனைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானா சார்?”

மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்தார்.

ஸ்கூட்டர் நம்பரைத் தட்டினேன். மோட்டார் ஓடியது. குளிர் பட்டதும் சில மீன்கள் புரண்டு படுத்ததாக மூட்டை தூக்குகிறவர்கள் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

“நல்லதா ஒரு கடவுச்சொல் வச்சுக் குடுப்பா” என்றார் மேலாளர்.

வைத்தேன். ‘கதவு திறந்து கிடக்கிறது என்று சொன்னவன் திருடன் இல்லை, திறந்து போட்ட நான்தான் மடையன்.’ கரண்ட் போகாவிட்டாலும் தினமும் காலையில் கேட்கும்படி செய்தேன்; இதைத் தட்டினால்தான் மோட்டார் தொடர்ந்து ஓடும். ஓர் எழுத்து பிசகினால் மறுபடி முதலிலிருந்து. மேலாளர் ஒற்றை விரலால் தட்டுகிறவர். வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த விரலும் நகரும். அவர் ஜன்னலுக்கு நேர் கீழே சம்பந்தியின் நாற்காலி.

மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றத் தெரிந்தவராக இருந்தால் ஒன்பது வருஷத்துக்கு முன்பே மாற்றியிருப்பார்.

போன வாரம் பேத்தியைப் பார்க்கப் போனேன். கடிகாரம் மேஜைமேலேயே கிடந்தது. சம்பந்தி அதைத் தொடவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவர அவரே உள்ளே போனார்.

அவர் திரும்புவதற்குள் அதை நாற்பது நிமிடம் பின்னுக்குத் திருகி வைத்தேன். ஒன்பது வருஷத்துக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?