அடைத்த அடுப்பு

"பீடி, சிகரெட் எதையாவது தொட்டிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டதும், ரொட்டிக்கடை அக்கா பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய கணவர் கூரையில் ஓடும் மின்விசிறியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டி எட்டிப் பார்த்தது.

"நான் தொட்டதில்ல டாக்டர். வீட்ல இவர் புகை, கடையில அடுப்புப் புகை. ரெண்டுக்கும் நடுவுல நான்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் நின்றது அந்த விறகு அடுப்பின் முன்னால்தான். மாமனார் கட்டிய செங்கல் அடுப்பு. காற்று திசை மாறினால் கடைக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. இருமிக்கொண்டே மாவு பிசைவாள், இருமிக்கொண்டே சில்லறை கொடுப்பாள். அவள் இருமலை வைத்துத்தான் கடை திறந்துவிட்டது என்று தெருவுக்குத் தெரியும்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கிக் குறுகிடுச்சு. உள்ள போற காத்து முழுசா வெளிய வரல. பழைய காத்து இடத்தப் பிடிச்சுக்கிட்டா புதுக் காத்து எங்க போகும்? போனது போனதுதான், திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தலாம். அதுக்குப் புகை நிக்கணும்."

வெளியே வந்ததும் கணவர் சொன்னார். "கேட்டியா? புகை ஆகாதாம். இனிமே கடைப் பக்கமே வராத. வீட்ல படுத்துக்கோ." சொல்லிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

அக்கா படுத்துக்கொண்டாள். கணவரின் அண்ணன், கடையில் பாதிப் பங்குக்காரர், வீட்டில் எல்லோருக்கும் பெரியவர், அவரும் வந்து, "ஓய்வுதான்மா மருந்து, அசையவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அசையாமல் கிடந்தாள். சில வாரங்களில் தலை வாரினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் புடவையைச் சரிசெய்ய முடிந்தது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, அந்த இழுக்கும் மருந்தை மட்டும் தவறாமல் வாயில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது, மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் பெண்ணிடம் டாக்டர் அனுப்பினார். அந்தப் பெண் முதலில் கேட்டது, "மருந்த எப்படி இழுக்குறீங்க, காட்டுங்கம்மா."

அக்கா வாயைத் திறந்து ஒரு அடி அடித்தாள்.

"இவ்வளவு நாளா உங்க நாக்குக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஒரு பிளாஸ்டிக் குழாயை மருந்துப் புட்டியில் பொருத்திக் கொடுத்தாள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து, அழுத்தி, மெதுவாக உள்ளே இழுத்து, கொஞ்சம் அடக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"படுத்தே இருக்கீங்களா?"

"ஓய்வெடுக்கச் சொன்னாங்க."

"யாரு? நாங்க சொல்லலையே. கால் சதை கரைஞ்சா ரெண்டு அடி வெக்கவே மூச்சு வாங்கும். மூச்சு வாங்குதுன்னு மறுபடி படுப்பீங்க. நடக்கணும்மா. வாங்குனா நின்னு, உதட்டக் குவிச்சு, சூடான டீய ஊதுற மாதிரி மெதுவா ஊதி, அப்புறம் நடக்கணும்."

வீடு வரும் வழியெல்லாம் அக்காவுக்குக் கோபம். படுக்க வைத்தவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, சொன்னபடி படுத்த தன் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. மறுநாளே நடக்க ஆரம்பித்தாள். முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. மேட்டுத் தெருவில் கடை. அந்த மேட்டை ஏற முடிந்த வாரம், கடை விடுமுறை நாளில் ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போனாள்.

தூசு படாமல் எதிர்ச் சாரியில் மூக்கை மூடிக்கொண்டு நின்று, அங்கிருந்தே கையைக் காட்டினாள். கொத்தனார் அடுப்பின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்.

சேதி கேட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். பெரியவர் கையில் கடப்பாரை.

"எங்கப்பா கட்டின அடுப்பும்மா இது. உன்னைத்தான் வர வேண்டாம்னு சொல்லிட்டோமே, இதை எதுக்கு அடைச்ச?"

அக்கா உள்ளே போய் அடுப்பின் முன்னால் நின்றாள். "நான் வரலைன்னா என் இடத்துல யாரு நிப்பா மாமா? உங்க மருமகளா? இந்த அடுப்புக்கு இன்னொரு நெஞ்சக் கொடுக்க நான் விட மாட்டேன். மின்சார அடுப்பு வாங்குவோம். நானும் வருவேன். இது என் கட..."

சொல் முடியவில்லை. மூச்சு பிடித்துக்கொண்டது. கணவர் தண்ணீரோடு ஓடி வந்தார். பெரியவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு விசிறப் பாய்ந்தார். அக்கா கையை உயர்த்தி இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். மாவு மேஜையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் குனிந்தாள். உதட்டைக் குவித்து ஊதினாள், மறுபடி ஊதினாள். இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்து, குழாயைப் பொருத்தி, மருந்தை இழுத்தாள். இழுப்பு தணிந்து முகத்தில் ரத்தம் திரும்ப நேரமாயிற்று.

நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "இது என் கடையும்தான்."

பெரியவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வெகுநாள் அவளோடு பேசவில்லை. கணவர் அங்கேயே நின்று தன் சட்டைப் பையைத் தடவினார். சிகரெட்டை எடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் தானாகவே தெருவுக்கு இறங்கினார்.

"வீட்லயும் அப்படித்தான்" என்றாள் அக்கா. "புகை தெருவுல. நீங்க எந்தப் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அவளுடைய வளையல்கள் போய், மின்சார அடுப்பு வந்தது. கணவர் சிகரெட்டை விட்டார், மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். இப்போதைக்கு விட்டிருக்கிறார். அக்காவுக்கு நோய் போகவில்லை. ஒரு குளிர்காலத்தில் சளி மஞ்சளாக மாறி, மூச்சு வழக்கத்தைவிட இறுகியது. விடியட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், சில நாள் படுத்து, எழுந்து வந்தாள். வந்த வாரமே மேட்டுத் தெருவில் மறுபடி நின்று நின்று ஏறினாள். கணவர் வண்டியை ஓரம் கட்டி, "ஏறிக்கோயேன்" என்றதற்கு, "நீங்க முன்னாடி போய்க் கடையத் திறங்க" என்றாள்.

பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "முன்னாடி ஒரு புகை வாசம் இருக்குமே அக்கா, அது காணோமே."

"அது எங்கயும் போகல. என் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு. டாக்டராலயே எடுக்க முடியல, உங்களால முடிஞ்சா எடுத்துக்கங்க."

அவர் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். அக்கா அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றாள்.