907

ஞானஸ்நானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மதலைமுத்து மனைவி ராஜமேரியின் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தான். அவளை அடக்கம் செய்து பதினொரு நாள். இதுவரை அவன் அழவில்லை.

வாசலில் குழந்தையோடு நின்ற அவன் அம்மா இன்னாசியம்மாள் கேட்டாள். "என் பேரு வெச்சா என்னடா குடியா முழுகிடும்? ஒரு நம்பரு சொல்றதையா கேப்ப?"

"பந்தயம் ஆத்தா. அவ ஜெயிச்சிட்டா."

பந்தயம் ராஜமேரி கட்டியது. இருவருமே கணிதம் படித்தவர்கள். அவள் தையல் மெஷினின் அடியில் பொறித்திருந்த எண் 826277.

"இது பகா எண்ணுன்னா, பொண்ணு பொறந்தா தெரசா. வகுபட்டா உங்கம்மா பேரு. அப்புறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"ரெட்டைப்படையா இருந்திருந்தா வேலை மிச்சம்."

"அதுக்குத்தான் எங்கப்பா பாத்து வாங்கியிருக்காரு."

அதன் வர்க்கமூலம் 909-ஐத் தொடவில்லை. அதற்குள் இருக்கும் பகா எண்கள் நூற்று ஐம்பத்தைந்து. ஒன்றிலும் மீதியில்லாமல் வகுபடவில்லை என்றால் அவள் கட்சி வென்றது. தினமும் சமையல் முடித்து நாலைந்தாக வகுத்தாள். கடைசி எண் 907.

பிரசவத்துக்குத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போக பொம்மிடியில் பஸ் ஏறும்போது நோட்டை நீட்டினாள். "கடைசிக் கணக்க மட்டும் நல்லாப் பாருங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டே பக்கத்தின் அடியைப் பார்த்தான். 'பகா எண். தெரசா. 12.8.86.'

"பாத்துட்டேன். நீதான் ஜெயிச்ச."

அவள் சிரித்தாள். ஊர் எல்லை தாண்டியும் சிரித்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது கடைசிக் கணக்கைப் பார்த்தான். 826277-ஐ 907-ஆல் வகுத்திருந்தாள். ஈவு 910. மீதி 907.

மறுபடி பார்த்தான். மீதி 907.

வகுக்கும் எண்ணே மீதியாக நிற்காது. இன்னும் ஒரு முறை கழித்தால் ஈவு 911, மீதி பூஜ்யம். எண் வகுபடுகிறது. மற்ற நூற்று ஐம்பத்து நான்கு கணக்கிலும் ஓர் அடித்தல் இல்லாதவள், கடைசியில் ஒரே ஒரு படி முன்பாக நிறுத்தியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும். அவன் கண்டுபிடிப்பான் என்று காத்திருந்தாள். பஸ் முழுக்கக் காத்திருந்தாள்.

நோட்டின் கோடுகள் கலங்கின. பேனாவைத் திறந்தான். அந்த ஒரு கழித்தலை எழுதக் கை போகவில்லை. மூடிவிட்டான்.

கோயிலில் சாமியார் கேட்டார். "பெயர்?"

இன்னாசியம்மாள் மகனைப் பார்த்தாள். "கணக்கு சரிதானாடா?"

"சரிதான் ஆத்தா."

அதுவரை எண்ணைப் பற்றி அவன் பொய் சொன்னதில்லை.

"தெரசா" என்றான் சாமியாரிடம். குரல் உடைந்திருந்தது. தண்ணீர் பட்டதும் குழந்தையும் அழுதது.