கண்ணாடிக்கு இட்ட உத்தரவு

பச்சையப்பன் கண்டக்டராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் பஸ். டிக்கெட் கிழிப்பான், விசில் ஊதுவான். அதட்ட மட்டும் வராது. எதிரில் ஒரு முகம் இருந்தால் அவன் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் நண்டு விற்கும் கங்கம்மா. கூடைகள் வண்டியின் கூரைக்குப் போக வேண்டும். கங்கம்மா தன் கூடையை ஜன்னலோரம் இருப்பவரிடம் நீட்டி, "கொஞ்சம் புடி நைனா" என்பாள். ஜன்னல் வழியாக நீட்டியதை வாங்க மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. கைக்குழந்தைகளே அப்படித்தான் ஏறின. பிறகு அவள் படியேறி, கூடையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி உட்காருவாள். நண்டுத் தண்ணீர் வேறு யாருடைய வேட்டியிலோ சொட்டும்.

புகார் பஸ் முதலாளி அப்துல் ரவூபிடம் போயிற்று. வெள்ளிக்கிழமை தானே வண்டியில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்று கூடை உள்ளே இருந்தால் கண்டக்டர் வெளியே.

டிரைவர் துளசிராமன் வழி சொன்னான். கண்ணாடி முன் நின்று, எனக்கு என்ன குறைச்சல், நான் யாருக்கும் பயப்பட மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். பெண் பார்க்கப் போகும்முன் அவனும் அப்படித்தான் செய்தானாம். பலித்ததா என்று பச்சையப்பன் கேட்டான். பலித்ததால்தான் வீட்டில் இப்போது வாய் திறக்க முடியவில்லை என்றான் துளசிராமன்.

பச்சையப்பன் வீட்டில் இருந்தது உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு. அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். கண்ணுக்குத் தைரியம் சொன்னால் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. மீசைக்குச் சொன்ன அன்று மீசை மட்டும் சற்று நிமிர்ந்தது.

ஆகவே விடியற்காலையில் ஷெட்டுக்குப் போய், டிரைவருக்கு மேலே இருக்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். முதலில் அதட்டிப் பார்த்தான். கண்ணாடியில் இருந்தவன் மிரண்டு போனான். பச்சையப்பனுக்கே பாவமாக இருந்தது. "நீ நல்லவன்யா. பேஜாராவாத" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மறுநாள் வண்டி ஓடும்போது, முன்னால் நின்று யதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் ஒருவர் சீட்டின்மேல் காலைத் தூக்கி வைத்திருந்தார். "காலை எடுய்யா" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையது என்று தெரிந்தபோது காலும் இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து அவன் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியை ஆண்டான். கண்ணாடியில் தெரிபவர் யாரானாலும் பயமில்லை. டிக்கெட்டையும் கண்ணாடிக்குள்ளேயே கொடுப்பாரா என்று பயணிகள் கேட்டார்கள். பின்னால் வருவது எதுவும் தனக்குத் தெரியவில்லை என்று துளசிராமன் முனகினான். கங்கம்மாவை மட்டும் பச்சையப்பன் வெள்ளிக்கிழமைக்கு என்று வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பச்சையப்பன் சலாம் வைத்துவிட்டு முன்னால் போய்க் கண்ணாடியைத் துடைத்தான். கங்கம்மா ஓடி வந்தாள். யார் என்று பார்க்காமல், "கொஞ்சம் புடி நைனா" என்று கூடையை நீட்டினாள். முதலாளியும் பழவேற்காட்டுக்காரர்தான். கைகள் தாமாக வாங்கிக்கொண்டன.

கண்ணாடியில் கூடை தெரிந்தது. அதன் பின்னால் இருந்த முகம் தெரியவில்லை.

"கூடைய மடியில வச்சிக்கினு கீற ஆளு, எழுந்திரு. மேல ஏத்திட்டு வா. அதுவரைக்கும் வண்டி நவுராது."

கூடை எழுந்தது. அதற்குக் கீழே முதலாளி இருந்தார். அவர் கூடையோடு இறங்கி, பின்பக்க ஏணியில் ஏறினார். துளசிராமன் இஞ்சினை நிறுத்தினான். இப்படிப்பட்ட காட்சிக்கு இரைச்சல் கூடாது.

முதலாளி திரும்பி வந்து படியில் நின்றார். சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது.

"இப்ப சொன்னியே, அத என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

பச்சையப்பன் திரும்பினான். குரல் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே தேடிப் பார்த்தான். பெரிய குரல் எதுவும் இல்லை. இருந்த குரலையே எடுத்தான்.

"கூடை மேல போவணும், மொதலாளி. எல்லார் மேலயும் தண்ணி சொட்டுது."

கேட்கவில்லை என்றார்கள் பின்னாலிருந்து. இரண்டு பேர் இருமலை அடக்கிக்கொண்டார்கள். பச்சையப்பன் குரலை உயர்த்தாமல், முதலாளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதையே மறுபடி சொன்னான். இந்த முறை கடைசி சீட்டு வரை கேட்டது.

"இத மொத நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ஏத்தியிருப்பேன்" என்றாள் கங்கம்மா. "கண்ணாடியாண்ட சொல்லிக்கினு இருந்தா எனக்கு இன்னா தெரியும்?"

பஸ்ஸில் யாரும் அதை நம்பவில்லை.

முதலாளி சட்டையைப் பிழிந்தார். "நாளைக்கும் இதயே சொல்லு. அவ மூஞ்சியப் பாத்து."

நாளை என்று ஒன்று இருப்பது பச்சையப்பனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் விசிலை எடுத்தான். முதலாளி இன்னும் படியிலேயே நின்றிருந்தார்.

"படியில நிக்காதீங்க மொதலாளி. உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்தார். அவருடைய இடத்தில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். பொன்னேரி வரை முதலாளி நின்றுகொண்டே வந்தார்.