காலி நாற்காலியில் அண்ணன்

"எனக்குத் தெரியாத வெளிச்சம் இந்த உலகத்துல இன்னும் உதிக்கலை" என்றான் அண்ணன். சிரிக்காமல்தான் சொன்னான். சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தான்.

அண்ணன் கல்யாண ஃபோட்டோகிராஃபர். பதினான்கு வருஷத்தில் அவன் கேமராவுக்கு முன்னால் கறுப்பாக வந்து நின்ற எவரும் கறுப்பாகவே ஆல்பத்துக்குள் போனதில்லை. ஒருமுறை, இந்த மாப்பிள்ளை யார் என்று தெரியவில்லையே என மாப்பிள்ளையின் அம்மாவே ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் அண்ணன் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டான்.

அண்ணி ஓவியம் வரைகிறவள். பகலெல்லாம் பல் டாக்டரின் வரவேற்பறையில் வீங்கிய கன்னங்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு வந்து, பதினோரு வருஷமாக மாடி அறையில் வரைகிறாள். புதிய ஓவியர்கள் முப்பது பேரை வைத்து ஒரு பதிப்பகம் கொண்டுவரும் புத்தகத்துக்கு இப்போதுதான் அவளுடைய ஓவியம் ஒன்று தேர்வாகியிருந்தது. இருட்டான அறை, நடுவில் ஒரு காலி நாற்காலி. அவ்வளவுதான் ஓவியம். ஆள் உயரம் இருக்கும். மேலே பூசிய வார்னிஷில் தலை சீவிக்கொள்ளலாம்.

அண்ணி ஃபோனில் எடுத்து அனுப்பிய சின்னப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அச்சுக்கு ஏற்ற பெரிய படத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கேட்டிருந்தார்கள். வராவிட்டால் புத்தகத்தில் அவளுக்கான பக்கம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். கூடவே நாலு பக்கத்துக்கு விதிமுறை.

அதை அண்ணன் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தான்.

"'ஓவியத்தின் நிறத்தையோ வெளிச்சத்தையோ திருத்தக் கூடாது.' அப்ப நான் எதுக்கு? 'படம் எடுப்பவர் தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிய வேண்டும்.' ஏன்டா, படம் எடுக்கப் போறோமா, திருடப் போறோமா?"

"ரெண்டுக்கும் சத்தம் போடாம இருக்கணும்ண்ணே" என்றேன்.

"'சந்தேகம் இருந்தால் உதவி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்கவும்.' சந்தேகம் இருக்கறவன் எதுக்குக் கேமராவைத் தூக்கறான்? போய் மாவு மில் வைக்கட்டும்."

"ஏங்க, ஒரே ஒரு தடவை அவங்க சொன்னபடி செஞ்சு பாருங்களேன்" என்றாள் அண்ணி.

"நீ வரைஞ்சியா? அதோட உன் வேலை முடிஞ்சுது. இனிமே வெளிச்சத்துக்கும் எனக்கும் உள்ள விஷயம்."

புதன்கிழமை, எலுமிச்சம்பழ மஞ்சளில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, ஓவியத்துக்கு நேர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் படம் எடுத்தான். பிறகு கம்ப்யூட்டர் முன் இரண்டு மணி நேரம். இருட்டு ரொம்பவும் இருட்டாக இருக்கிறதென்று அவனுக்கு வருத்தம். மணப்பெண்களுக்குச் செய்வதை அதற்கும் செய்தான். கண் வலிக்கிறதென்று பெரிதாக்கிப் பார்க்காமல், அண்ணியிடமும் காட்டாமல் அனுப்பிவிட்டான். அவளுக்குப் புத்தகத்தில் பார்க்கும்போது இன்ப அதிர்ச்சியாக இருக்குமாம்.

அதிர்ச்சி வியாழக்கிழமை காலையிலேயே வந்தது. வேலைக்குக் கிளம்பிய அண்ணி, செருப்பை ஒரு காலில் மாட்டியபடி மின்னஞ்சலை வாசித்தாள்.

"'தாங்கள் முதலில் அனுப்பிய சிறிய படத்தில் நாற்காலி காலியாக இருந்தது. இப்போது அதில் மஞ்சள் உடையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கிறார். ஓவியத்தைத் தாங்கள் மாற்றியிருந்தால் தெரிவிக்கவும். தேர்வுக்குழுவிடம் மறுபடி காட்ட வேண்டியிருக்கும்.'"

மூவரும் கம்ப்யூட்டருக்கு ஓடினோம். இருட்டை வெளுக்க வெளுக்க, வார்னிஷில் விழுந்திருந்த அண்ணனின் பிம்பம் துலக்கமாகி எழுந்து வந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்ததால் நாற்காலியில் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தான். கொஞ்சம் சிவப்பாகவும் இருந்தான்.

"உட்காந்திருக்கற தோரணை நல்லா இருக்குண்ணே" என்றேன்.

"வாயை மூடு. அஞ்சு நிமிஷத்துல அழிச்சிருவேன்."

அழித்தான். கம்ப்யூட்டர் ஆளை எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்ப நாற்காலிக்கு இன்னும் இரண்டு கால்களைப் போட்டுக் கொடுத்தது. மறுபடி அழித்தான். கால்கள் போய் மூக்குக்கண்ணாடி மட்டும் அந்தரத்தில் நின்றது.

"ஒரு விதத்துல பாத்தா இது இன்னும் ஆழமா இருக்கு" என்றான் அண்ணன்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த நாற்காலியில யாரும் இல்லைங்கறதுதாங்க படம்" என்றாள். "யாரும் இல்லாம வரையறதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அதுல இருந்து எழுந்திரிச்சுட்டீங்கன்னா நல்லது. இல்லன்னா மூணாவது தெரு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டுக்கறேன்."

மூணாவது தெரு ஸ்டுடியோக்காரர் பாஸ்போர்ட் சைஸ் மட்டும் எடுப்பவர். அண்ணன் அவரை 'காது' என்றுதான் சொல்வான். படத்தில் இரண்டு காதும் தெரிந்தால் போதும் என்பது அவர் கொள்கையாம். அன்று முழுக்க அண்ணன் எதற்கும் கருத்துச் சொல்லவில்லை. நான் பார்க்க அப்படியொரு நாள் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது மணி நாலே கால். மாடி அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னல்களில் போர்வை தொங்கியது. தரையில் சாக்பீஸ் கோடுகள், பக்கத்தில் அளக்கும் டேப். நாலு பக்க விதிமுறை சுவரில் ஒட்டப்பட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் டிக் போட்டிருந்தது.

நடுவே ஓர் உருவம். கறுப்பு முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு சாக்ஸ். தலைமேல் முக்காடாக அண்ணியின் கறுப்பு சால்வை. ஒரு கையில் ஃபோன். தாழ்ந்த, பவ்யமான குரல். அந்தக் குரல் அண்ணனிடம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"மேடம், படம் வந்து சேந்துதுங்களா? ஆமா, அந்த நாற்காலிதான். கால் நாலுதான் மேடம், எண்ணிட்டுத்தான் அனுப்பினேன். யாரும் உட்காரலைங்களே? நல்லா பெருசு பண்ணிப் பாத்துட்டீங்களா? சரிங்க மேடம். அப்ப பக்கம் உறுதிதானே? ரொம்ப நன்றிங்க."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு இன்னும் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னும் ஒரு சின்ன சந்தேகம் மேடம். வார்னிஷ்ல மின்னப் போகுதுன்னு மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு எடுத்தேன், அதனால எனக்குச் சரியாத் தெரியலை. கோணல் இருக்கான்னு பாத்துச் சொல்ல முடியுமா? இல்லையா? நல்லதுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"இல்ல மேடம், ஃபோட்டோகிராஃபர் எல்லாம் இல்லைங்க. ஓவியரோட வீட்டுக்காரர்."