பதினான்கு நகர்வுகள் பற்றிய முறைப்பாடு

1

இந்தக் கதை ஒரு முறைப்பாட்டிலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான். 2005இல் அட்டனில் நடந்த சதுரங்கப் போட்டியில் சுலக்ஷனா என்ற பெண்ணிடம் தோற்ற கையோடு நடுவருக்கு எழுதிய புகார் அது. நான்கு வருடங்களாக அதைக் கதையாக்கப் பார்க்கிறேன். முதல் வாக்கியத்திலேயே சறுக்குகிறது.

‘மூடுபனி விலகிய ஒரு காலையில், டயகமவிலிருந்து…’

வேண்டாம். பனியைக் காட்டி என் முகத்தை மறைக்கப் பார்க்கிறேன்.

2

என் பெயர் சிவரூபன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க எழுதுவினைஞன். மூன்று வருடங்கள் தொடர்ந்து அந்தப் போட்டியில் வென்றிருந்தேன். சுலக்ஷனா டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அக்கரப்பத்தனையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. கொழும்புக்குப் பேச வருகிறவர்களுக்கு நம்பர் சுழற்றிக் கொடுப்பார், கடிதம் டைப் செய்வார். ஆள் இல்லாத நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில்…

(இந்த இடத்தில் அவரைத் தொலைபேசியில் அழைத்து வாசித்துக் காட்டினேன். “கடையில டியூப் லைட் இருந்துச்சு சார்,” என்றார். இனி வருவது அவர் சொன்னது.)

கடைக் கணினியில் சதுரங்கத் தொடக்கங்களைச் சேமிக்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றியிருந்தார். தன் ஒவ்வொரு நகர்வுக்கும் எதிராளி என்னென்ன பதில் சொல்லலாம் என்று அதில் கிளை கிளையாகப் பதிய வேண்டும். பிறகு அது பரீட்சை வைக்கும். ஒரு நிலையைக் காட்டி, அடுத்தது என்ன என்று கேட்கும். பிழை விட்டால் சிவப்பு. நாளைக்கே மறுபடி கேட்கும். சரியென்றால் ஒரு வாரம் விட்டுக் கேட்கும். ஆங்கிலப் பெயர்கள் மனதில் நிற்காததால் கிளைகளுக்குத் தெரிந்த ஊர்களின் பெயர்களை வைத்தார். சிசிலியன் தடுப்புக்குப் பெயர் கொத்மலை, அணை கட்டியபோது நீரில் மூழ்கிப்போன ஊர்.

“பலகையிலயும் நடுவுல இருந்ததெல்லாம் காணாமப் போயிரும்ல, அதான்.”

ஏழு மாதங்களில் அறுநூறு கிளைகள்.

3

எங்கள் ஆட்டத்தில் முதல் பதினான்கு நகர்வுகளை அவர் இரண்டு நிமிடங்களுக்குள் ஆடினார். நான் நாற்பது நிமிடங்களைச் செலவழித்துத் தோற்றேன். உடனே எழுதிக் கொடுத்தேன்: யாரோ வெளியிலிருந்து உதவுகிறார்கள்.

நடுவர் அவரை அழைத்தார். “இன்னொரு ஆட்டம் எங்களுக்கு முன்னால ஆடிக் காட்டுவீங்களா?”

“ஆடுறேன். முதல்ல சார் எழுதினத சத்தமா வாசிக்கட்டும். எல்லாருக்கும் கேக்கணும்.”

மண்டபத்தில் எண்பது பேர் இருந்தார்கள். நான் வாசித்தேன். ‘தோட்டப் பகுதியைச் சேர்ந்த இப்பெண்ணுக்கு இத்தனை நகர்வுகள் மனப்பாடமாக இருக்கச் சாத்தியமில்லை.’

(இந்த வாக்கியத்தை மூன்று வரைவுகளில் மென்மையாக்கினேன். இப்போது அசலைத் தருகிறேன்.)

“மனப்பாடந்தான் சார்,” என்றார். “கம்பியூட்டர் கேக்கும், நான் சொல்லுவேன். இன்னைக்கு நீங்க கேளுங்க.”

பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தச் சொன்னார். நான் “சி ஐந்து” என்றேன்.

“குதிரை எஃப் மூணு.”

“டி ஆறு.”

“டி நாலு.”

கொத்மலைக்குள் போய்க்கொண்டிருந்தோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் செய்தேன். என் ராஜாவை எடுத்து வெளியே, டி ஏழில் வைத்தேன். முட்டாள்தனமான நகர்வு. அவரை ஊமையாக்க அது போதும் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“இது எங்கிட்ட இல்ல,” என்றார் சுலக்ஷனா. பலகையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். “இல்லாததுக்கு யோசிக்கணும். அதையும் பாருங்க.”

பத்தொன்பதாவது நகர்வில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டு என் ராஜாவைச் சாய்த்தேன்.

4

முடிவு அ: நான் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

முடிவு ஆ: பரிசளிப்பு முடிந்து பஸ் நிலையத்தில், தனியாக…

இரண்டையும் அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

“நீங்க கேக்கவே இல்ல சார். பரிசு குடுக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டீங்க.”

“ஓம். இப்ப கேக்கிறன், பிள்ளை. என்னை மன்…”

“கதைய முடிக்கிறதுக்காகக் கேக்காதீங்க,” என்றார். “நான் ஜெயிச்சேன்னு எழுதுங்க. அத மட்டும் எழுதுங்க.”

ரிசீவரை வைத்துவிட்டார்.

சுலக்ஷனா ஜெயித்தார். இதற்குப் பிறகும் ஒரு முடிவு தேவைப்பட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாசகரே. அவரிடம் வாசித்துக் காட்டாமல் மட்டும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.