தானாகச் சுற்றாத விசிறி

எஞ்சின் சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டிச் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது, விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, ஆனாலும் முள் ஏறுகிறது, நாச்சிமுத்து குஞ்சப்பனைக்கு மேலே ஒரு மலைத் திருப்பத்தில் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கிறார், பானட்டைத் தூக்கியதும் முகத்தில் அடித்த ஆவிக்குப் பின்வாங்கி, விசிறியையும் நிறுத்திவிட்டு இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார், மணி பத்து, கோத்தகிரியில் பத்தரைக்குப் பேத்திக்குக் காது குத்து, தாய்மாமன் இல்லாத குழந்தை, தாத்தா மடியில்தான் உட்கார வேண்டும், அந்த மடி இங்கே ஸ்டீயரிங்குக்கு அடியில் சும்மா கிடக்கிறது. ஆறு வருடம் பேசாத மகள் போன வாரம் தானாகவே போன் செய்தாள், அப்பா, அம்மா இருந்திருந்தா அதுவே உங்களக் கூட்டிட்டு வந்திருக்கும், இப்ப நீங்களே வந்துருங்க, பாப்பாவ உங்க மடியிலதான் உக்கார வெக்கோணும் என்றாள், வந்தர்றேன் சாமி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார், மகள் பிருந்தாவைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மலையேறிப் போனவள், எட்டு மாதம் முன்பு அவள் அம்மாவின் சாவு வீட்டில்கூட அவள் ஒரு சுவரோரம், இவர் ஒரு சுவரோரம்.

நேற்றுக் காலையில்தான் தெரிந்தது, சூடானால் தானாகச் சுற்ற வேண்டிய ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை, சென்சார் போயிருச்சுங்க, திங்கக்கிழமதானுங்க பார்ட்ஸ் வரும் என்றார் மெக்கானிக், மின்வாரியத்தில் முப்பத்தி நாலு வருடம் கம்பம் ஏறி இறங்கிய மனிதரிடம் ஒரு விசிறிக்காகத் திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னால் கேட்பாரா, எனக்குத் தெரியாத ஒயருங்களா என்று வீறாப்பாகக் கேட்டுவிட்டு வந்தார், பரணில் கிடந்த கறுப்பு ஒயர் சுருளை இறக்கி, பேட்டரியிலிருந்து ஒரு இழுப்பு, நடுவில் ஃப்யூஸ், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வீட்டுச் சுவரில் வைக்கிற வெள்ளை ஸ்விட்ச், அங்கிருந்து விசிறி வரைக்கும் ஒரு இழுப்பு, விசிறியிலிருந்து திரும்பப் பேட்டரிக்கு ஒரு இழுப்பு, தாமே போட வேண்டும், தாமே அணைக்க வேண்டும், இனி எந்தச் சென்சாரின் தயவும் வேண்டாம். எல்லாம் முடிந்து பானட்டுக்கு முன்னால் நின்று, ம், போடு என்று குரல் கொடுத்தார், யாரும் போடவில்லை, அப்போதுதான் வீடு அவ்வளவு காலியாக இருந்தது தெரிந்தது, வண்டிக்குள் மனைவி தேவாத்தாள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது, எதையும் தொட்டுவிடக் கூடாதென்று முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஏனுங்க, போட்டுட்டனுங்க, எரியுதுங்களா, அணைக்கட்டுங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், வாய மூடிட்டு இரு புள்ள என்பார் இவர், அந்த வாய் மூடி எட்டு மாதமாகிறது, அவரே நடந்துபோய் ஸ்விட்சைப் போட்டார், சத்தம் வந்தது, சத்தம் வந்தால் போதாதா, அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மாதம் ஒருமுறை தேவாத்தாள் மகளைப் பார்க்கப் போவாள், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இதே காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், கையில் எலுமிச்சம்பழம், மடியில் முறுக்குத் தூக்கு, திருப்பத்துக்குத் திருப்பம் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள், ஒரே ஒரு தடவை கேட்டாள், ஏனுங்க, நம்ம வண்டி மல ஏறாதுங்களா, ஏறாது, சூடாயிரும் என்றார், அன்றைக்கு அது பச்சைப் பொய், வண்டி நன்றாகத்தான் இருந்தது, அவளுக்கும் தெரியும், சரிங்க என்று இறங்கிப் போனாள், ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கையசைக்கிறாள், இவர் வண்டியைத் திருப்புகிறார், திருப்பியிருக்கக் கூடாது, ஒருமுறையாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், பாவி.

போன் அடிக்கிறது, அப்பா, எங்க வந்துட்டு இருக்கீங்க, எல்லாரும் உக்காந்தாச்சு என்கிறாள் பிருந்தா, குஞ்சப்பன தாண்டி நிக்கறேன் சாமி, வண்டி சூடாயிருச்சு, ஃபேனு சுத்துது, ஆனாச் சூடு எறங்கல. ஒயர் கனெக்சன் நீங்களே குடுத்தீங்களாப்பா என்றாள், ஆமா, தாளு வெச்சுப் பாத்தீங்களா. என்ன தாளு. அப்பா, நீங்க வண்டிக்கு அடியில படுத்திருப்பீங்க, அம்மா உள்ள உக்காந்து போடும், நாந்தான் முன்னாடி நின்னு ரேடியேட்டர்கிட்ட நோட்டுத் தாளப் புடிச்சுப் பாப்பேன், உள்ள இழுத்து ஒட்டுச்சுன்னாச் சரி, தள்ளிவிட்டுச்சுன்னாத் தப்பாச் சுத்துது, மறந்துட்டீங்களா. மறந்துதான் போயிருந்தார், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் இருந்தார்கள், இந்த ஆறு வருடத்தில் அவராகவே மகளை அந்த இடத்திலிருந்து அழித்துவிட்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்து, பெட்ரோல் போட்ட ரசீதை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார், கையிலிருந்து பறந்தே போய்விட்டது, வீட்டு விசிறிக்கு எந்த ஒயரை எதில் மாட்டினாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், வாழ்நாளெல்லாம் அந்தக் கரண்டோடு பழகிய கை, பேட்டரிக் கரண்டுக்கு மாற்றி மாட்டினால் மாறிச் சுற்றும் என்று நேற்று நினைக்கவேயில்லை, விசிறிக்குப் போகிற இரண்டும் ஒரே கறுப்பு ஒயர் வேறு. அணைத்துவிட்டு, விரல் சுடச்சுடப் பிரித்து மாற்றி முறுக்கினார், மறுபடி போட்டு இன்னொரு ரசீது, ஒட்டுதாப்பா, ஒட்டுது சாமி, ஒட்டுது என்றார்.

ஆனால் எஞ்சின் ஆற அரை மணி நேரமாகும், அதற்கு முன்னால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற முடியாது, அது இருவருக்குமே தெரியும். அப்பா, முகூர்த்தம் போயிருமுன்னு ஆசாரி அவசரப்படுத்தறாரு, எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா மடியில உக்கார வெக்கட்டான்னு கேக்கறாங்க, நான் என்னங்கப்பா சொல்லட்டும், நீங்க சொன்னா நிறுத்திப்போடறேன். சொல்லியிருக்கலாம், ஆறு வருடம் நிறுத்தி வைத்தது போதாதா. குத்தச் சொல்லு சாமி, நேரத்தத் தவற விடாத என்றார். போன வெச்சராதீங்க என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துபோனது தெரிந்தது.

அவர் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார், போனில் பாத்திரச் சத்தம், யாரோ பாப்பா இங்க பாரு என்கிறார்கள், பிறகு வீலென்று அழுகை, பேத்தியின் குரலை அவர் கேட்பது அதுதான் முதல்முறை, சின்ன வயதில் பிருந்தா அழுதது போலவே மூச்சைப் பிடித்து இழுத்து அழுகிறாள், காதிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அழுகை மடியிலிருந்து வந்தது, நழுவிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆச்சு சாமி, ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.