ஓசி ஒயினுக்கு ஒரு நிச்சயதார்த்தம்

லொரெட்டாவின் கல்யாணம் நிச்சயமானது ஒரு சனிக்கிழமை நண்பகலில், செவன் ஹார்பர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் வாசலில், வருகிறவர்களுக்கு உதவி செய்கிற ஜன்னலுக்கு முன்னால். மாப்பிள்ளை வெண்டல் க்ரூபா. அவன் யோசித்துத்தான் செய்தான். ஆனால் யோசனை கல்யாணத்தைப் பற்றியதல்ல, இரண்டு கிளாஸ் ஒயினைப் பற்றியது.

ஒர்லாண்டோவில் வெளிவரும் வாரப் பத்திரிகை ஒன்றில் வெண்டல் பல வருடங்களாக 'காசுக்குத் தேறுமா?' என்றொரு பத்தி எழுதிவந்தான். ஊரைச் சுற்றியிருக்கும் பூங்காக்களில் விற்கிற பாப்கார்ன், வான்கோழிக் கால், கேரமல் ஆப்பிள் எல்லாவற்றையும் தின்றுபார்த்து, கடைசி வரியில் 'தேறும்' அல்லது 'தேறாது' என்று தீர்ப்பு சொல்வான். கடைத்தெருவில் ஆட்கள் அவனை நிறுத்தி யோசனை கேட்பார்கள். அவனுக்கு அதில் பெருமை உண்டு. கூடப் படித்தவர்கள் போர்களைப் பற்றியும் தேர்தல்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்க, தான் ஒரு பொட்டலத்தில் எத்தனை உருளைக்கிழங்கு வறுவல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும்போது மட்டும் அந்தப் பெருமை கொஞ்சம் வற்றும்.

செவன் ஹார்பர்ஸின் இத்தாலிய உணவகமான 'காசா லவீனியா'வைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பூரணம் வைத்த பாஸ்தாவான ரவியோலி, ஆறு துண்டு முப்பத்தெட்டு டாலர். ரொட்டிக்குத் தனிக் காசு. வருடாந்தரச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குக்கூடத் தள்ளுபடி கிடையாது. பத்திரிகை ஆசிரியர் ஒரு ஆள் சாப்பாட்டுக்குத்தான் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். வெண்டல் லொரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்தான்.

"நான் மட்டும் போனா ஒரு ஐட்டம்தான் ருசி பாக்க முடியும். நீயும் வந்தா ரெண்டு பாக்கலாம்."

"இப்படி ஒரு அழைப்பை வேண்டாம்னு சொல்ல எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்?" என்றாள் லொரெட்டா.

அவள் கிஸிமியில் ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். இருவரும் ஏழு வருடமாகப் பழகுகிறார்கள். இரண்டு வீடு, இரண்டு வாடகை. எதற்கும் கணக்குப் போடுகிற வெண்டல் அந்த ஒரு கணக்கை மட்டும் போட்டதில்லை. போன வாரம் காரில் போகும்போது அவள், சவானாவில் அக்கா வீட்டுப் பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறாள் என்பது ஒரு தபால்பெட்டிக்குக்கூடப் புரிந்திருக்கும். வெண்டல் சொன்னான்: "சவானா நாலு மணி நேரம். போக வர ஒரு டேங்க் பெட்ரோல்ல முடிஞ்சிரும்."

அன்று இரவு படுக்கையில் புரண்டபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை.

பூங்காவின் உதவி ஜன்னலில் வட்டமான பேட்ஜுகள் இலவசமாகத் தருவார்கள். 'பிறந்த நாள்', 'முதல் வருகை', 'திருமண நாள்' என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும், சான்று கேட்க மாட்டார்கள். வெண்டல் வருடத்துக்குப் பத்துத் தடவையாவது பிறந்திருப்பான். பிறந்த நாளுக்குக் காசா லவீனியாவில் ஒரு சிறிய கேக் தருவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தான். 'கல்யாணம் நிச்சயம்!' பேட்ஜுக்கு இரண்டு கிளாஸ் நுரை ஒயின். மற்ற இடங்களில் அதுவே ஒரு கிளாஸ் பதினெட்டு டாலர்.

இரண்டு பேட்ஜுகளை வாங்கிவந்து ஒன்றை லொரெட்டாவிடம் நீட்டினான். வெள்ளையில் தங்க நிற எழுத்து, இரண்டு மோதிரம். அவள் அதை உள்ளங்கையில் வைத்து, அதில் வெளிச்சம் படுகிற மாதிரி கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள்.

"ஓசி ஒயினுக்கா?"

"ரெண்டு கிளாஸ்."

"சரி" என்று சட்டையில் குத்திக்கொண்டாள். கோணலாக இருந்ததால் கழற்றி மறுபடி நேராகக் குத்தினாள். ஓசி ஒயினுக்கு யாரும் பேட்ஜை இவ்வளவு நேராகக் குத்திக்கொள்ள மாட்டார்கள் என்று வெண்டலுக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு அதை மறந்துவிட முயன்றான்.

முடியவில்லை. பேட்ஜ் போட்டவர்களை வாழ்த்துவது அந்தப் பூங்காவின் ஊழியர்களுக்குக் கடமை. நுழைவாயிலில் வாழ்த்தினார்கள். பாப்கார்ன் வண்டிக்காரர் வாழ்த்தினார். கூட்டுகிற பையன் துடைப்பத்தைத் தூக்கிச் சலாம் வைத்தான். லொரெட்டா ஒவ்வொருவருக்கும் நின்று நன்றி சொன்னாள். வெண்டல் பக்கத்தில், திருடிய சட்டையைப் போட்டுக்கொண்டு சொந்தக்காரனோடு லிஃப்டில் போகிறவனைப்போல வந்தான்.

படகுச் சவாரி வரிசையில் முன்னால் நின்ற, ஒஹையோவிலிருந்து வந்த அம்மாள், பெயர் மார்வெல், லொரெட்டாவைக் கட்டிப்பிடித்தே விட்டார்.

"எப்ப கல்யாணம் கண்ணு?"

"அக்டோபர்" என்றாள் லொரெட்டா, யோசிக்காமல்.

மார்வெல் திரும்பியதும் வெண்டல் அவள் காதருகே குனிந்தான். "அக்டோபரா? ஏன்?"

"மழை ஓஞ்சிருக்கும். வெயிலும் கொஞ்சம் அடங்கியிருக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் பருவநிலை வரைக்கும் போகமாட்டாள். வெண்டல் படகில் உட்கார்ந்து பிளாஸ்டிக் முதலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். வழக்கம்போல மதியத்தில் ஒரு மழை கொட்டி நின்றது. பூங்காவில் மழைக்கோட்டு பதினாறு டாலர் என்பதால் வீட்டிலிருந்தே இரண்டு கொண்டுவந்திருந்தான். அவளுக்குத் தானே மாட்டிவிட்டான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஐந்து மணிக்குக் காசா லவீனியாவில் பேட்ஜைப் பார்த்ததும் சமையலறைக் கதவோரத்து மேசையை மாற்றி ஏரியைப் பார்க்கிற ஜன்னல் மேசையைக் கொடுத்தார்கள். அடுத்த மேசையில் மார்வெல், கணவரோடு. "நம்ம ஜோடி!" என்று கையசைத்தார்.

பரிமாற வந்த பெண்ணின் பெயர்ப்பட்டையில் ஊரும் இருந்தது: ஓர்னெல்லா, ரோவிகோ. வெண்டல் ரவியோலியும் லொரெட்டா கன்றுக்கறியும் சொன்னார்கள். ரொட்டி வந்தது. நல்ல ரொட்டி. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாக. ஆனால் ஒன்பது டாலர். ரவியோலியும் மோசமில்லை, மாவு மெல்லிசு, வெண்ணெயில் சேஜ் என்ற மூலிகை இலையின் வாசம். ஆனால் ஆறே ஆறு. ஒவ்வொரு 'நல்லது'க்கும் பின்னால் ஒரு 'ஆனால்' வந்து நிற்பதை வெண்டல் கவனித்தான். விவாகரத்தானபோது முதல் மனைவி பாட்ரீஸ் சொன்னது ஞாபகம் வந்தது. "உன்கூட இருக்கறது பில் போடற இடத்துல வரிசையில நிக்கற மாதிரியே இருக்கு, வெண்டல்."

ஓர்னெல்லா தண்ணீர் ஊற்ற வந்தவள் பேட்ஜைப் பார்த்தாள். "சார் எப்படிக் கேட்டார் மேடம்? மண்டி போட்டாரா?"

வெண்டலின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. லொரெட்டா நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கார் பார்க்கிங்ல கேட்டான். 'ரெண்டு பேரு, எதுக்கு ரெண்டு வாடகை'ன்னான்."

ஓர்னெல்லா சிரித்தாள். "அழுதீங்களா?"

"அவன்தான் அழுதான். ஏழு வருஷமா கட்டின ரெண்டாவது வாடகையை நெனச்சு."

மார்வெலின் கணவர் முதல்முறையாக வாய் திறந்து, "இந்த ஆளை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

"அப்புறம்?" என்றாள் ஓர்னெல்லா.

லொரெட்டா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். ஏரியில் ஒரு படகு போவதைப் பார்த்தாள். "அப்புறம் ஒண்ணுமில்ல. 'நீ சவானா போகாதே'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதுமா இருந்துச்சு."

நடக்காத ஒரு விஷயத்தில் தான் இவ்வளவு நன்றாக நடந்துகொண்டதைக் கேட்டு வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. அவள் கதையில் வந்த அந்தக் கார் பார்க்கிங் வெண்டல்மீது பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒயின் வந்தது. ஓர்னெல்லாவோடு இன்னும் நாலு பேர் வந்து இத்தாலிய மொழியில் ஏதோ பாடினார்கள். கூடமே கைதட்டியது. ஒரு குழந்தை நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தது. லொரெட்டா கிளாஸைத் தொடவில்லை. புன்னகையை மட்டும், பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் காட்டுகிற புன்னகையை, முகத்தில் வைத்திருந்தாள். வெண்டல் கிளாஸை உதடுவரை கொண்டுபோய்க் கீழே வைத்தான். இப்போது மட்டும் நேர்மையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. இந்த மாதிரி நேரங்களில் அவனுக்குத் தோன்றுவது எதுவும் உருப்பட்டதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"இந்த ஒயினைப் பில்லுல சேத்துடுங்க" என்றான் ஓர்னெல்லாவிடம், கொஞ்சம் உரக்கவே. "ஓசி வேண்டாம். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகல."

பாட்டு நின்றது. கைதட்டல் ஒவ்வொரு மேசையாக அணைந்தது.

"அப்ப அக்டோபர்?" என்றார் மார்வெல்.

ஓர்னெல்லா மென்குரலில் சொன்னாள்: "சார், கிளாஸ் கணக்குல விக்கிற ஒயின் இது இல்ல. இது பேட்ஜுக்குன்னே வர்றது. பில் போடணும்னா முழு பாட்டிலாத்தான் போடணும். எழுபத்திரெண்டு டாலர்."

வெண்டல் பர்ஸ் இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்தான். "போடுங்க."

ஓர்னெல்லா கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். லொரெட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"எழுபத்திரெண்டு டாலர்" என்றாள். "அஞ்சு காசுக்கு யோசிக்கிற மனுஷன், எனக்கு நிச்சயமாகலைன்னு ஊருக்கே சொல்றதுக்கு எழுபத்திரெண்டு டாலர் செலவு பண்றான்." அவள் கை பேட்ஜின் ஊக்குக்குப் போனது.

"கழட்டாதே."

"ஏன்யா? இன்னும் ஏதாவது ஓசி இருக்கா?"

"லொரெட்டா, நான் சொல்ல வந்தது அது இல்ல. ஓசி ஒயினுக்காக நிச்சயமானதா இருக்கக் கூடாதுன்னு... முதல்ல அதைத் தள்ளிட்டு, அப்புறம் நெஜமா..." வாக்கியம் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. "நீ சவானா போகாதே."

"அது நான் எழுதின வசனம்."

"தெரியும். என் பத்தியிலயும் நல்ல வரியெல்லாம் நீ சொன்னதுதான்."

"அதுவும் எனக்குத் தெரியும். உன் சொந்தச் சரக்கா ஒண்ணு சொல்லு."

வெண்டல் தட்டைப் பார்த்தான். ஒரு ரவியோலி மிச்சமிருந்தது. அது அவனுக்கு உதவவில்லை.

"அந்த ரெண்டு வாடகைக் கணக்கை நான் போட்டதே இல்ல" என்றான். "வான்கோழிக் கால்ல எலும்பு எவ்வளவு, கறி எவ்வளவுன்னு எடை போட்டவன் நான். இதைப் போடல. போட்டா விடை தெரிஞ்சிரும். தெரிஞ்சா உன்கிட்ட கேக்கணும். கேட்டா, ஏற்கெனவே ஒருத்தி சொன்ன மாதிரி நீயும் சொல்லிடுவியோன்னு பயம். நாம எப்பவாவது சாப்பிடப் போனா, ஐட்டத்துக்கு மார்க்குப் போடற மாதிரி உக்காந்திருப்பேனே, அப்பல்லாம் நீ எனக்கு எவ்வளவு போடுவியோன்னு நெனச்சு நடுங்கிட்டுத்தான் இருப்பேன்." மூச்சு விட்டான். "என்னைக் கட்டிக்கிறியா? தள்ளுபடி எதுவும் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர்கள் அவர்கள்.

"பதில் சொல்லும்மா" என்றார் மார்வெலின் கணவர். "எங்க பாஸ்தா ஆறுது."

லொரெட்டா கையை நீட்டி, வெண்டலின் தட்டிலிருந்த அந்தக் கடைசி ரவியோலியைக் குத்தி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். மற்றவர்கள் வாயில் கருவியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் அவள் தொழில். வாய் நிறைந்திருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆறு டாலர் முப்பத்துமூன்று சென்ட் என்று வெண்டலின் மூளையில் ஒரு மூலை தானாகச் சொன்னது. அந்த மூலையை அவன் வாழ்நாளில் இவ்வளவு வெறுத்ததில்லை.

பிறகு அவள் தன் ஒயின் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பேட்ஜ் சட்டையிலேயே இருந்தது.

"வியாழக்கிழமைப் பத்திரிகைக்கு எழுதணும் இல்ல?" என்றாள்.

"ஆமா."

"என்ன எழுதப் போறே? தேறுமா, தேறாதா?"

வெண்டல் சுற்றிலும் பார்த்தான். ஒன்பது டாலர் ரொட்டி. முப்பத்தெட்டு டாலர் ரவியோலி. எழுபத்திரெண்டு டாலருக்கு, அவசியமே இல்லாமல் வாங்கிய ஒரு பாட்டில். ஜன்னலுக்கு வெளியே மழை கழுவிய ஏரி. எதிரில் அவள்.

"தேறும்" என்றான். சொன்ன பிறகு குரல் உடைந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தது.

"முட்டாள்" என்றாள் லொரெட்டா. பாட்டிலை எடுத்து அவன் கிளாஸை நிரப்பினாள். "தேறாதுன்னு எழுது. தேறும்னு போட்டா ஊரே இங்க வந்து வரிசைகட்டி நிக்கும். அப்புறம் அக்டோபர்ல நமக்கு இந்த ஜன்னல் மேசை எப்படிக் கிடைக்கும்?"